எறும்புக்குக் கட்டம் இல்லை

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. அய்யாத்துரை வாசலில் நீல வாளியை வைத்து, பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல்லுப்பைக் கரைத்து, கோழிக்கூட்டிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்த முட்டையை அதில் மெல்ல விட்டார். முட்டை தயங்கித் தயங்கி அடியில் போய் உட்கார்ந்தது.

“இன்னும் ஒரு கை உப்பு போடுளா” என்றார் மனைவியிடம்.

சண்முகத்தாய் போட்டாள். அவர் கையாலேயே கலக்கினார். முட்டை எழும்பி வந்து மிதந்தது. தண்ணீருக்கு மேலே கொஞ்சம்போல வெள்ளை தெரிந்தது.

“நாலணா அகலம் வெளியில தெரியணும். அதான் சரியான உப்பு.”

“எப்பா, நாலணா எவ்வளவு பெருசு இருக்கும்?” என்றாள் மகள் ஆவுடை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள், படிப்பதைத் தவிர மற்றதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தா, முட்டையில தெரியுதுல்லா, அவ்வளவுதான்.”

“இதுக்கு எதுக்கு இந்தப் பாடு?” என்றாள் சண்முகத்தாய். “கரிசல் ஒம்பதுங்கிற இந்தப் புது ரகக் கம்புக்கு உப்புத்தண்ணி தேவையில்லன்னு எங்க விதைப் பண்ணையில அச்சடிச்சே குடுத்துட்டாக.”

“உங்க பண்ணை எழுதுறதக் காகிதம் தாங்கும். என் வயிறு தாங்கணும்லா.”

அந்தப் பக்கத்தில் கம்பு அறுத்தால் உப்புத் தண்ணீரில் போடாமல் யாரும் குதிருக்குள் கொட்ட மாட்டார்கள். பூக்கும் பருவத்தில் மழையும் மூட்டமுமாக இருந்தால் கம்புக் கதிரில் ஒரு பூசணம் பிடிக்கும். கதிரெல்லாம் தேன் தேனாக வடியும், எறும்பும் ஈயும் மொய்க்கும். பிறகு மணி இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒன்று விளையும். அதைத் தின்றால் வாந்தி, தலைச்சுற்றல், மயக்கம். அந்தக் கறுப்பு எடை குறைந்தது. உப்புத் தண்ணீரில் நல்ல மணி முங்கும், கறுப்பு மிதக்கும். அள்ளி எறிந்துவிடலாம்.

அய்யாத்துரை மூட்டையைச் சரித்தார். தை மாதம் அறுத்த கம்பில் அது மூன்றாவது மூட்டை. அவ்வளவும் கல்லைப் போல அடியில் போனது. ஒரு மணிகூட மேலே வரவில்லை.

“பாத்தியா? அச்சடிச்ச காகிதத்த நம்ப வேண்டாம். இந்தத் தண்ணி பொய் சொல்லாது.”

“இன்னைக்கும் களிதானா?” என்றாள் ஆவுடை.

“சுகர்காரன் வீட்டுல பொறந்துட்டுப் பிரியாணியா கேக்கே?”

“ஒங்களுக்குத்தானே சுகர்? எனக்கா?”

“தனியா உக்காந்து தின்னா எறங்க மாட்டேங்கு தாயி. உங்கம்மைக்குக் கம்பு ஒத்துக்காது, வயிறு கடுக்கும். நீயாவது கூட உக்காரு.”

அந்த முட்டையை அவர் துடைத்து மாடத்தில் வைத்தார். அந்த வீட்டில் நடந்த கடைசி சாதாரண காரியம் அதுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்தார். வெயிலில் தூக்கம் வருவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் எழுந்தவர் தம் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

“பத்து வருசமா இருந்த வலி எங்க போச்சுன்னே தெரியல சம்முகம். உடம்பெல்லாம் இதமா இருக்கு.”

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும் அவர் எழவில்லை. எழுப்பப் போன சண்முகத்தாய் கட்டில் காலில் எறும்பு வரிசையைப் பார்த்தாள். வரிசை தலையணை வழியாக ஏறி அவர் நெற்றிப்பொட்டில் போய் முடிந்தது. தட்டிவிட்டாள். உலுக்கினாள். அவர் கண்ணைத் திறந்து, யாரோ தூரத்து உறவுக்காரியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

நர்ஸம்மாவைக் கூட்டிவந்தாள். “சுகர் ஏறியிருக்கும்க்கா. சுகர்காரங்ககிட்ட எறும்பு வரத்தான் செய்யும்” என்று சொல்லிக்கொண்டே விரலில் குத்திப் பார்த்த நர்ஸம்மா, கருவியைப் பார்த்து, இன்னொரு முறை குத்தினாள். நூற்று முப்பது. “நல்லாத்தானே இருக்கு” என்றாள், குரல் இறங்க. பிறகு தயங்கிச் சொன்னாள்: “மேலத் தெருவுல வாத்தியாரும் இப்படித்தான் தூங்குதாரு. கடைக்கார அண்ணாச்சி சம்சாரமும்.”

மூன்று பேருக்கும் சர்க்கரை. மூன்று பேரையும் டாக்டர் கம்பு சாப்பிடச் சொல்லியிருந்தார். அதனால் சர்க்கரைதான் காரணம் என்று ஊர் நினைத்தது. கம்பை யாரும் நினைக்கவில்லை, உப்புத் தண்ணீரில் முங்கிய கம்பு ஆயிற்றே.

நகரத்து ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்த வார்டில் ஏற்கெனவே பதினோரு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டில் காலைச் சுற்றியும் ஆயா எறும்பு சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தாள். யாரும் முனகவில்லை, புரளவில்லை. வலி என்பதே இல்லாத பதினோரு முகங்கள். அதைப் பார்த்ததும் சண்முகத்தாய் கணவரின் முழங்காலை அழுத்திப் பார்த்தாள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆவுடை உட்கார்ந்து, தன் துப்பட்டாவால் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க வேர்த்தது. திங்கட்கிழமை சண்முகத்தாய் அவளை நகரச் சொல்லிவிட்டுத் தன் கையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. பிரித்தாள். மெல்லிய நூல் இழுபட்டது.

பண்ணை வேலையில் பதினெட்டு வருஷமாக அவள் விரல்களுக்குத் தெரிந்த பிசுபிசுப்பு அது. முகர்ந்து பார்த்தாள். கம்புக் கதிரில் வடிகிற தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்து வெயில் ஏறிய பிறகு அய்யாத்துரை இறந்துபோனார். எந்த நிமிஷத்தில் என்று பக்கத்திலிருந்த இருவருக்குமே தெரியவில்லை.

சண்முகத்தாய் விதைப் பண்ணையில் கணக்கெடுப்புக்காரி. கம்பு பூத்ததிலிருந்து தினமும் காலையில் அட்டையில் படிவத்தை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடக்க வேண்டும். நூறு கதிருக்கு எத்தனை கதிரில் தேன் வடிகிறது என்று தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். கரிசல் ஒன்பது வந்த முதல் பருவத்தில் அவள் நூறு கதிரையும் தொட்டாள். விரல் காய்ந்தே இருந்தது. ஆனால் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. சுத்தமான கதிரில், பத்துக்கு இரண்டில், எறும்பு.

மேற்பார்வையாளர் திரவியத்திடம் அன்றே சொன்னாள்.

“சார், தேன் இல்லாத கதிர்லயும் எறும்பு ஏறுது.”

“தேன் இருக்கா, இல்லையா?”

“இல்ல.”

“அப்ப சைபர் போடுங்கக்கா. படிவத்துல எறும்புக்குக் கட்டம் இல்ல.”

அவள் சைபர் போட்டாள். மனசு கேட்காமல், எறும்பு கண்ட வரிசைக்கெல்லாம் அந்தச் சைபருக்குள்ளே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். மூன்று பருவம் அப்படியே வைத்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண்ணுக்குப் புள்ளி தெரியவில்லை, சைபர்தான் தெரிந்தது. மூன்று வருஷச் சைபரைப் பார்த்துவிட்டு விதையை ஊருக்குள் விட்டார்கள். பண்ணை ஆட்களுக்கு முதல் விதை மூட்டை. அதை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் சண்முகத்தாய்தான்.

அய்யாத்துரையைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த மறுநாள், சொந்தக்காரர்களுக்கு நடுவே ஆவுடை சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். அவள் காதோரம் ஒரு எறும்பு ஊர்ந்தது. கழுத்தில் இன்னொன்று.

சண்முகத்தாய் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த செம்பு உருண்டது. பிள்ளையை இழுத்து அடுக்களைக்குள் கொண்டுபோனாள்.

“அப்பாகூட எத்தன நாள் களி சாப்பிட்ட?”

ஆவுடை விழித்தாள். வெளியே பெரியத்தை அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள்: “எம் மககூட உக்காந்தாத்தான் எனக்குக் களி எறங்கும்னு சொல்லிட்டே இருப்பானே.”

“தெனமும்” என்றாள் ஆவுடை, தலையைக் குனிந்துகொண்டு.

தினமும் என்றால் அறுபத்தைந்து நாள். சண்முகத்தாய் அவள் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“வலிக்குதா?”

“ஆ… வலிக்கும்மா.”

“நல்லது” என்றாள் தாய். குதிரிலிருந்து ஒரு படி கம்பைத் துண்டில் முடிந்துகொண்டு, துக்க வீட்டுக்காரி படி தாண்டக்கூடாது என்று யாரோ சொல்லச் சொல்ல, பண்ணைக்குப் போனாள்.

பண்ணையின் விஞ்ஞானி ஹெலன் மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். கரிசல் ஒன்பது அவர் உருவாக்கியது. சண்முகத்தாய் சொன்னதை இடையில் பேசாமல் கேட்டார். பிறகு ஒரு மணியை எடுத்து பிளேடால் பிளந்து, நீலச் சொட்டு மருந்து விட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்க வெகுநேரமாயிற்று. பிறகு நாற்காலியைச் சண்முகத்தாய் பக்கம் தள்ளினார்.

“நீங்களே பாருங்க.”

மாவின் நடுவே தலைமுடிபோல நூல்கள். பாதி மணிக்கு நூலாகவே இருந்தது.

“பூசணமா மேடம்?”

“ஆமா.”

“தேன் வடியலையே. கறுக்கவும் இல்லையே.”

ஹெலன் கையுறையைக் கழற்றினார். “கம்புப் பூவுல ஒரு புரதம் இருந்துச்சு. பூசணம் அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள நுழையுதுன்னு கண்டுபிடிச்சோம். அந்தப் புரதம் இருக்கிற கம்புக்கு நோய் வருது, இல்லாத கம்புக்கு வரல. அப்ப அதுதான் கதவுன்னு நெனச்சேன். கதவை எடுத்துட்டுச் சுவரா கட்டிட்டேன்னு நெனச்சேன்.”

“கதவு இல்லையா?”

“வாசல்ல படுத்துக் குரைக்கிற நாய் அது. பூசணம் வந்தா செடிக்குச் சொல்றதே அந்தப் புரதம்தான். அது சொன்னாத்தான் செடி சண்டை போடும். அந்தச் சண்டையிலதான் தேன் வடியும், கறுப்பு விளையும். நான் நாயை எடுத்துட்டேன். இப்ப பூசணம் வருது, செடிக்குத் தெரியல. சண்டை இல்ல, அடையாளம் இல்ல. நல்ல மணியோட மணியா, அதே எடையில உள்ள குடியிருக்கு.”

“அதான் முங்குச்சு” என்றாள் சண்முகத்தாய்.

“எது?”

அவள் உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். முட்டை மிதந்ததையும், அவர் சிரித்ததையும், தண்ணி பொய் சொல்லாது என்றதையும் சொன்னாள். ஹெலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எறும்பு ஏன் மேடம் ஆளுக மேல வருது?”

“பூசணம் பரவணும்னா எறும்பும் ஈயும் வேணும். அதுக்குத்தான் தேன். கதிர்ல வேணுங்கிற அளவுக்கு வடிக்க முடியாததால, தின்னவங்க வேர்வையில…” ஹெலன் முடிக்கவில்லை. “எனக்குத் தெரியல சண்முகத்தாய். நிஜமாவே தெரியல.”

சண்முகத்தாய் அலமாரியிலிருந்து மூன்று பருவத்துப் படிவக் கட்டையும் எடுத்து மேசையில் வைத்து, பென்சில் புள்ளிகளைக் காட்டினாள். ஹெலன் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இதக் காட்டினாத்தான் மேல உள்ளவங்க நம்புவாங்க. ஆனா தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தேன்னு உங்களையும் கேப்பாங்க.”

“ஒரு தடவ சொன்னேன். கட்டம் இல்லன்னாக. அதுக்கு மேல நான் சொல்லல.”

வாசலில் திரவியம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. “மேடம், நாலு மாவட்டத்துக்கு வித போயிருக்கு. முழுசாத் தெரியாம ஊரைப் பயமுறுத்தக்கூடாது.”

“பயப்படட்டும் திரவியம். பயந்தாலாவது முழிச்சிருப்பாங்க.”

திரவியம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சட்டென்று செல்போனில் வீட்டைக் கூப்பிட்டுக்கொண்டு தாழ்வாரத்துப் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஆச்சி எந்திரிச்சாளா?” என்று அவர் கேட்டது உள்ளே கேட்டது. பதிலுக்குக் காத்திருந்தபோது அவர் மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே செய்தி போயிற்று. மறுநாள் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொன்னார்கள். கம்பை எரித்தார்கள், கதிர் அறுத்த தட்டையை எரித்தார்கள். ஒரு வாரம் அந்தக் கரிசல் முழுக்கப் புகை. இறந்தவர் எத்தனை என்று அரசாங்கம் ஒன்று சொன்னது, ஊர் வேறு சொன்னது. தூங்கியவர்களில் ஒருவராவது எழுந்தார் என்று யாரும் சொல்லவில்லை.

சண்முகத்தாய்க்கு அந்தச் செய்தி எதுவும் காதில் ஏறவில்லை. அவளுக்கு ஒரே ஒரு பிள்ளையின் தலையணைதான் உலகம். வெளுத்த உறையாகப் பார்த்துப் போட்டாள், எறும்பு வந்தால் தெரியவேண்டும் என்று. நகரத்து ஆஸ்பத்திரிக்கு இருமுறை கூட்டிப்போனாள். அறுபத்தைந்து நாள் தின்றவர்களுக்கு இன்று வருமா, நாளை வருமா, வராமலே போகுமா என்று அங்கே சொல்லத் தெரிந்தவர் இல்லை. வலி போவதுதான் முதல் குறி என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதனால் கிள்ளினாள். பல் விளக்கும்போது, படிக்கும்போது, சாப்பிடும்போது.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“எப்படி வலிக்கு?”

“கிள்ளுனா எப்படி வலிக்கும்? அப்படித்தான் வலிக்கு.”

பரீட்சைக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள் ஆவுடை. கையெல்லாம் கன்றிப் போயிருந்தது. பரீட்சை நடக்கும் மூன்று மணி நேரமும் தாய் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். மணி அடித்ததும் வெளியே வரும் பிள்ளைகளில் தன் பிள்ளை நடந்து வருகிறாளா என்று பார்க்க.

கிள்ளத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் காலை தலையணையில் இரண்டு எறும்பு இருந்தன.

சண்முகத்தாய் கட்டிலோரம் உட்கார்ந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். கை பட்டு ஆவுடை எழுந்தாள், அம்மாவைப் பார்த்தாள், எறும்பைப் பார்த்தாள்.

“எம்மா, பிஸ்கட்மா. படுத்துக்கிட்டே தின்னேன். இந்தா பாரு தூள்.”

தாய்க்குக் கேட்கவில்லை. கை பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தது. விரல்களை ஒட்டிப் பிரித்து, ஒட்டிப் பிரித்துப் பார்த்தது.

“எனக்கு ஒண்ணும் வராதும்மா” என்றாள் ஆவுடை. “நான் தின்னவே இல்ல.”

“என்ன?”

“களி எனக்குப் பிடிக்காதுல்லா. அப்பா கை கழுவ எந்திரிப்பாரு, இல்லன்னா நியூஸ் பாப்பாரு. நான் என் உருண்டைய அவரு தட்டுல வச்சுருவேன். ஒவ்வொரு நாளும். நீ பழைய சோறு வச்சிருப்பேல்லா, அதத் தின்னுக்குவேன்.”

“அன்னைக்குக் காதுகிட்ட எறும்பு…”

“அப்பாவத் தொடச்ச துப்பட்டாம்மா. அதத்தான் போட்டிருந்தேன். தொவைக்க மனசு வரல.”

வெளியே கோழி கொக்கரித்தது. ஆவுடை சொல்லி முடிக்க வேண்டியது இன்னும் இருந்தது.

“ரெண்டு பேரு பங்கையும் அவருக்கே குடுத்துட்டேன். பாதி தின்னுருந்தா இருந்திருப்பாரோ என்னமோ. எல்லாரும் கூட உக்காந்து தின்ன பிள்ளன்னு சொன்னாங்களா… எனக்குச் சொல்ல வாய் வரல.” மூக்கை உறிஞ்சினாள். “அவருக்குத் தெரியும்னு நெனைக்கேன். ஒரு நா உருண்டைய எண்ணிப் பாத்துட்டுச் சிரிச்சாரு.”

சண்முகத்தாய் எழுந்து, டிரங்குப் பெட்டியைத் திறந்து, விசாரணைக்குக் கொடுத்த படிவங்களின் நகலில் ஒன்றை எடுத்துவந்து பிள்ளையின் மடியில் விரித்தாள்.

“இது என்ன?”

“சைபர்.”

“நல்லாப் பாரு.”

“உள்ள ஒரு புள்ளி இருக்கு.”

“எறும்பு” என்றாள் தாய். “மூணு வருசம் பாத்தேன். எல்லாத்தையும் பாத்துட்டு, அந்த மூட்டைய மடியில வச்சுக் கொண்டாந்து உங்கப்பா கையில குடுத்தேன். நானும் சொல்லல.”

அதற்கப்புறம் அவள் பிள்ளையைக் கிள்ளவில்லை. கன்றிய இடங்களுக்கு எண்ணெய் தடவினாள். தடவும்போது ஆவுடை “வலிக்கும்மா” என்று சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

அந்த வருஷம் பண்ணையை மூடினார்கள். ஹெலன் மேடத்துக்கு வேலை போயிற்று. விசாரணைக்கு நடந்துகொண்டிருந்தார். புரட்டாசியில் அவரிடமிருந்து பஸ்ஸில் ஒரு சிறு மூட்டை வந்தது. பழைய ரகக் கம்பு, கதவோ நாயோ எதையும் எடுக்காதது. போனில் சொன்னார்: “இது நோய் வாங்குற கம்பு சண்முகத்தாய். பயப்படாம விதைக்கலாம்.”

விதைத்தாள். மார்கழி மூட்டத்தில் கதிர்களில் தேன் வடிந்தது. முன்பெல்லாம் அதைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்ளும் பெண்கள் வரப்பில் வந்து நின்று பார்த்தார்கள். கடைக்கார அண்ணாச்சி, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், ஒரு கதிரை வளைத்துத் தொட்டு, விரலை ஒட்டிப் பிரித்துப் பார்த்து, “வடியத்தான் செய்யுது” என்றார். விளைச்சலில் கால்வாசி கறுத்துப் போனது.

தையில் அறுத்துக்கொண்டு வந்த கம்பு ஒரு வாரம் மூட்டையாகவே கிடந்தது. ஒருவரும் அவிழ்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தூத்துக்குடியில் காலேஜ் படிக்கப் போயிருந்த ஆவுடை வந்து, நீல வாளியைத் தேடி எடுத்துக் கழுவி வாசலில் வைத்தாள். சண்முகத்தாய் உப்பைக் கொண்டுவந்தாள்.

ஆவுடை முட்டையை விட்டாள். அது அடியில் போய் உட்கார்ந்தது.

“இன்னும் ஒரு கை போடும்மா.”

போட்டாள். கலக்கினாள். முட்டை எழும்பி வந்து, நாலணா அகலம் மட்டும் வெளியே தெரிய, மிதந்தது.